ஆறாம் தரத்துக்கு

வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது குறைவு.
தை மாதத்துச் செவ்வாய் ஒன்றில்
ஸ்கூட்டியின் பின்னால் நிருத்திகாவை ஏற்றிக்கொண்டு
பள்ளிக்கூடம் பார்க்கப் புறப்பட்டேன்.

டோகாவிலிருந்து ரஜீவனின் குரல்பதிவு:
"எது முதலாவது எண்டு பார்த்துச் சேர்."
கூடவே யாரோ செய்த பட்டியல்.
எங்கள் வலயத்துப் பள்ளிக்கூடமெல்லாம்
காலைக் கூட்டத்துக்கு நிற்பதுபோல் வரிசையில்.
ஒரு வித்தியாசம்,
இங்கே குட்டையானவை கடைசியில்.

கண்டி வீதியோரத்துப் பெரிய பள்ளிக்கூடம்.
மதில். மதிலில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் பதாகை,
வெயிலில் வெளிறி
எல்லாருக்கும் ஒரே முகம்.
கந்தோரில் இருந்தவ நிமிராமல் கேட்டா,
"எத்தினை மாக்ஸ்?"
சொன்னேன்.
படிவத்தைத் தந்தா,
பேனையை மூடிவிட்டா.
விஞ்ஞானகூடம் பூட்டு.
யன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
மகள் எண்ணினாள்:
நுணுக்குக்காட்டி ஆறு, பொலித்தீன் கழற்றாமல்.
வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளை.
எங்கள் சந்தியில் பஸ் ஆறு பத்துக்கு,
அதைத் தவறவிட்டால் எட்டேகாலுக்கு.

குளக்கட்டுக்குக் கீழே இரண்டாவது.
அங்கே ஒரு கணித சேர்.
கரும்பலகையில் அவர் கீறிய வட்டம்
கவராயம் இல்லாமல் கீறியது என்று
நம்ப எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.
வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே
யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவாராம்.
பங்குனியோடு ஐந்து வருடம் முடிகிறதாம்.
பிறகு?
"பிறகு ஆரும் வருவினம்," என்றார் காவலாளி,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் எங்கே போனாலும் ஒன்று பார்ப்பேன்.
பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவு
உள்ளுக்கால் பூட்டுமா?
முதலாவதில் பூட்டியது.
இரண்டாவதில் பூட்டியது, திறக்கக் கஷ்டம்.
மூன்றாவதில்
கொளுக்கி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை,
ஓட்டைக்குள்ளால் ஒரு நைலோன் கயிறு.

மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர்.
பட்டியலில் அதைத் தேட
விரலால் கனநேரம் தள்ளவேண்டும்.
தரம் ஒன்பது வரைக்கும்தான்.
முட்கம்பி வேலியில் யானை நுழைந்த இடைவெளியை
மாணவர்கள் குறுக்குவழி ஆக்கியிருந்தார்கள்.
அதிபர் புனிதசீலன் மணியடித்துவிட்டு
கையைத் துடைத்தபடி வந்தார்.
மாக்ஸ் கேட்கவில்லை.
வரவுப் புத்தகத்தைத் திறந்தார்,
பத்துப் பெயர்.
பதினோராவது கோட்டில் விரலை வைத்து
என்னைப் பார்க்காமல்
மகளைக் கேட்டார்:
"வலைப்பந்து விளையாடுவீங்களோ?
ஏழு பேர் வேணும். ஆறு பேரை வைச்சு
போன வருசம் போட்டிக்கே போகேல்ல."

அவள் என் சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

அப்போதுதான் விளங்கியது,
மூன்று இடத்திலும் அளந்துகொண்டிருந்தது
நான் மட்டும் இல்லை.

இரவு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு
அட்டவணை கீறினேன்.
பஸ். கணிதம். தண்ணீர். கதவு.
வலைப்பந்துக்குப் பெட்டி கீறவில்லை.
கீறாமலே அது
பக்கம் முழுக்கக் கிடந்தது.
ரஜீவனுக்குப் பேசிப் பதிந்தேன், அழித்தேன்,
திரும்பப் பதிந்தேன்.
"ஒன்பதாம் தரத்துக்குப் பிறகு?" என்று கேட்பார்.
கேட்கட்டும், நானும் கேட்கிறேன்.
அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துப் படிவம்
சீனிப் போத்தலுக்குக் கீழே இருக்கிறது,
இன்னும் கிழிக்கவில்லை.

புதன் காலை
சந்தி ஹாட்வெயாரில்
கொளுக்கி ஒன்று, நான்கு திருகாணி,
இருநூற்றி அறுபது ரூபா.
"வீட்டுக் கதவுக்கோ?" என்றான் கடைப்பெடியன்.
ஸ்கூட்டியை நிமிர்த்தும்போது
ஆறு பத்து பஸ்
பிந்தி வந்து, எங்களுக்காக ஒருக்கால் ஹோன் அடித்து,
நின்று பார்த்து,
போனது.